சேறு பட்ட லெவல் புத்தகம்

என் அப்பா கல்கத்தாவில் கிளைவ் தெருவில் ஒரு வியாபாரக் கம்பெனியில் தலைமை குமாஸ்தா. அழுக்குக் காகிதத்தைத் துரை முன்னால் நீட்டக்கூடாது என்பது அவருக்கு வேதவாக்கு. சின்ன வயதில் என் வீட்டுப்பாடத்தில் ஒரே ஒரு அடித்தல் இருந்தாலும் முழுப் பக்கத்தையும் மறுபடி எழுத வைப்பார். அந்தப் பழக்கம்தான் எனக்கு வினையாக முடியப் பார்த்தது.

பவானிபூர் வீட்டிலிருந்து கங்கைக்கு அக்கரை போய் சிவில் என்ஜினீயரிங் படித்துக்கொண்டிருந்தேன். நாளைக்கு ரயில் பாதை போடப்போகிறவன் முதலில் நிலத்தின் மேடுபள்ளத்தை அளக்கத் தெரிந்திருக்க வேண்டும். ஆற்றங்கரையில் ஒரு கல்லில் தொடங்கி, லெவல் கருவியை இடம் மாற்றி மாற்றி வைத்து அளந்துகொண்டே சுற்றி வந்து, அதே கல்லில் முடிக்க வேண்டும். தொடக்கத்தில் எழுதிய உயரமே கடைசியிலும் கணக்கில் வரவேண்டும். இந்தப் பரீட்சையில் தேறாவிட்டால் ஒரு வருஷம் போச்சு.

தூறலில் அளந்தோம். வகுப்புத் தோழன் ஒரு வங்காளிப் பையன் அளவுகோலைப் பிடித்தான். நான் கருவி வழியே பார்த்து லெவல் புத்தகத்தில் எழுதினேன். கூட்டிக் கழித்தால் வித்தியாசம் துளிகூட இல்லை. சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. ஆனால் புத்தகம் முழுக்கச் சேறு. வீட்டுக்கு வந்ததும் புதுப் புத்தகத்தில் முத்து முத்தாக நகல் எடுத்து, பழையதை அடுப்பில் போட்டுவிட்டேன்.

மறுநாள் எங்கள் வெள்ளைக்காரப் பேராசிரியர் பக்கங்களைப் புரட்டினார். "இதை மழையிலா எழுதினாய்?" என்று கேட்டார். நகல் என்றேன். அசல் எங்கே என்றார். எரித்துவிட்டேன் என்று சொல்லும்போதே என் குரல் இறங்கிவிட்டது.

"கறை இல்லை, அடித்தல் இல்லை, பிழையும் இல்லை. இதை நாற்காலியில் உட்கார்ந்தே எழுதலாம்" என்றார்.

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. தப்பு என்மேல் என்று தெரிந்ததால் இன்னும் கொஞ்சம் கூடுதலாகவே வந்தது. "மறுபடி அளக்கிறேன். நீங்களும் கூடவே வாருங்கள்" என்றேன். தொப்பியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார்.

முந்தின நாள் சேறு காயவில்லை. இரண்டு இடத்தில் தப்பாக எழுதி, அடித்து, மேலே திருத்தினேன். கடைசியில் கல்லுக்குத் திரும்பிக் கூட்டினால், ஒரு அரிசி நீளத்துக்கு வித்தியாசம். பேராசிரியர் ஆற்றில் போன ஸ்டீமரைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு எண்ணை மாற்றினால் போதும். தோழனும் கண்ணைக் காட்டினான். நான் மாற்றவில்லை. உள்ளதை உள்ளபடி எழுதி நீட்டினேன்.

அவர் நிதானமாகப் படித்தார். "இப்போது அந்த நகலையும் நம்புகிறேன்" என்று சொல்லி, என் விரல் பதிந்த சேற்றுக்குப் பக்கத்திலேயே கையெழுத்துப் போட்டார். பிறகு எத்தனையோ மைல் பாதை போட்டிருக்கிறேன், பாலமும் கட்டியிருக்கிறேன். அந்த அரிசி நீளப் பிழையை நினைத்துப் பெருமைப்பட்டதுபோல எதற்கும் பெருமைப்பட்டதில்லை.

வீட்டில் அப்பா புத்தகத்தை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தார். "இதையாடா துரை கையில குடுத்தே?"

"ஆமாம்பா. கையெழுத்தைப் பாருங்கோ."

பார்த்தார். காலையில் புத்தகத்தைக் காணோம். சாயங்காலம் ஆபீஸிலிருந்து வந்து கோட்டுப் பையிலிருந்து எடுத்து என்னிடம் கொடுத்தார்.

"எங்க துரைகிட்ட காட்டினேன்" என்றார்.

சேற்றைத் துடைக்காமலே காட்டியிருந்தார்.