ஆரோக்கியம் சாரின் பிழைச் செய்திகள்

எங்கள் தொழிலில் அடுப்பு ஓர் ஊரில் எரியும், இலை வேறோர் ஊரில் போட்டிருக்கும்.

திண்டுக்கல்லில் ஒரு கம்ப்யூட்டர் பயிற்சி மையத்தில் லேப் பொறுப்பாளராகக் குப்பை கொட்டுகிறேன். எங்கள் கம்ப்யூட்டர்கள் கிழடு தட்டியவை. பிள்ளைகள் எழுதும் புரோகிராமை ஓட்டிப் பார்க்க வேண்டிய கம்பைலர் அவற்றில் ஏறவே ஏறாது. அதனால் எழுதியதை இணையம் வழியாக, ஏபிஐ என்கிற வாசலில் கொண்டுபோய்க் கொடுப்போம். எங்கோ இருக்கிற ஒரு மெஷின் அதைக் கம்பைல் செய்து, ஓட்டிப் பார்த்து, விடையை அனுப்பும். தப்பிருந்தால் தப்பைச் சொல்லி அனுப்பும். இதே பிழைப்பில் அல்லாடும் சக பொறுப்பாளர்களே, நெட் போன அன்று நாம் வாங்கும் வசவு உங்களுக்குத் தெரியும். நான் சொல்லப்போவது நெட் நன்றாக இருந்த நாட்களின் கதை.

முதல் நாள் திட்டு

எனக்கு முன்னால் இந்த நாற்காலியில் ஆரோக்கியம் சார் இருந்தார். தப்புகள் ஆங்கிலத்தில் வந்தால் பிள்ளைகள் திருதிருவென்று முழிக்கிறார்கள் என்று, அந்த மெஷின் அனுப்பும் பதிலை நடுவில் பிடித்து நம் ஊர்ப் பேச்சுக்கு மாற்றிக் காட்டும் சின்ன புரோகிராம் ஒன்றை எழுதி வைத்திருந்தார். ஒரு நாள் கொடைரோடு பக்கம் பைக்கில் போனவர் லாரியில் அடிபட்டு இறந்துவிட்டார். அவர் போனார், அவர் எழுதியது ஓடிக்கொண்டிருந்தது.

இதையெல்லாம் யாரும் என்னிடம் சொல்லவில்லை. நான் சேர்ந்த அன்று முத்துலட்சுமி என்ற மாணவி ரன் பட்டனை அழுத்தினாள். திரையில் வந்தது: “ஏழாவது வரியப் பாரு அப்பு. அரைப்புள்ளிய முழுங்கிட்ட.” யார் இந்த விளையாட்டு விளையாடியது என்று சத்தம் போட்டேன். அவள் அலட்டிக்கொள்ளாமல் திரும்பினாள்.

“ஆரோக்கியம் சாரு மிஸ். செத்தும் எங்களத் திட்டாம அவரால இருக்க முடியல.”

பேச்சியம்மாளின் விளக்குமாறு

சில நாட்களில் பதில் வரத் தாமதமாகும். பிள்ளைகள் பொறுமை இழந்து மறுபடி மறுபடி அழுத்தக் கூடாது என்று அதற்கும் ஒரு வார்த்தை வைத்திருந்தார்: “பொறு அப்பு, இந்தா வந்துட்டேன்.” ஒரு நாள் காலை, இருந்த அத்தனை திரைகளிலும் ஒரே நேரத்தில் அது வந்து நின்றது. எல்லோரும் கதவைப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன். எனக்குப் பேய் பயம் உண்டு. பொறுப்பாளர் என்பதால் வெளியே காட்டிக்கொள்வதில்லை.

பெருக்க வந்த பேச்சியம்மாள் அக்கா, அந்த வரியை ஒரு பையன் படித்துச் சொன்னதும் விளக்குமாற்றை வாசலிலேயே சாத்தி வைத்தார். திரைகளை அணைத்தால்தான் உள்ளே வருவேன் என்று ஒரே பிடிவாதம். வெறும் எழுத்துதானே அக்கா என்றேன்.

“எழுத்துன்னு நீ சொல்லிட்ட. வந்துட்டேங்கிற மனுசன் நெசமாவே வந்து நின்னா, ஆரு தாயி பதில் சொல்றது?”

சனிக்கிழமை மாணவி

இந்தப் பேச்சு ஊருக்குள் பரவி, ஒரு சனிக்கிழமை ஆரோக்கியம் சாரின் மனைவி ஸ்டெல்லா வந்து நின்றார். அவர் இறந்த அன்று காலை வீட்டில் சண்டையாம். இவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு அடுப்படியில் இருந்திருக்கிறார். எத்தனை சண்டை என்றாலும் “போயிட்டு வாரேன்” என்று சொல்லாமல் படியிறங்காத மனிதர் அன்றைக்கு மட்டும் ஒன்றும் சொல்லாமல் வண்டியை எடுத்திருக்கிறார். “இம்புட்டு பேசுறாரே மிஸ், அந்த ஒரு வார்த்தைய எங்கயாச்சும் வச்சிருக்க மாட்டாரா?” என்று கேட்டார். நான் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டேன்.

உட்கார்ந்து, லேப் வழக்கப்படி திரையில் தன் பெயரை அடித்து உள்ளே நுழைந்தார். அப்புறம் வாராவாரம் வந்தார். மற்றவர்கள் சரியாக எழுதப் பாடுபட, இவர் தப்பாக எழுதக் கற்றுக்கொண்டார். அடைப்புக்குறியை மூடாமல் விட்டார். “கதவத் தொறந்து போட்டுட்டுப் போறியே அப்பு” என்றார் ஆரோக்கியம் சார். புரோகிராமில் எங்கும் சொல்லாத ஒரு பெயரை ஸ்டெல்லா கூப்பிட்டார். “யாரு அது? எனக்குத் தெரியாதே அப்பு” என்றார் சார். அந்தப் பதிலை ஸ்டெல்லா வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

“இதுலயும் இல்ல மிஸ். வேற என்ன தப்புப் பண்ணலாம்?”

ஒட்டன்சத்திரத்து அப்பா

ஏபிஐ நடத்தும் கம்பெனியிடமிருந்து தகவல் வந்தது: பழைய வாசலை மூடுகிறோம், புதியதற்கு மாறிக்கொள்ளுங்கள். சாருடைய புரோகிராம் பழைய வாசலுக்கு எழுதியது, புதியதில் ஓடாது. செத்தவர் பேச்சைக் கேட்டுப் பயந்து பிள்ளைகள் நின்றுவிடுகிறார்கள், புதியதில் அது வேண்டவே வேண்டாம் என்று முதலாளியும் சொல்லிவிட்டார். ஸ்டெல்லாவிடம் எப்படிச் சொல்வது என்று நான் தலையைப் பிடித்துக்கொண்டிருந்தபோது மகள் சொன்னதைக் கேட்டு முத்துலட்சுமியின் அப்பா வந்தார். ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் காய்கறி லோடு ஏற்றிவிடுபவர். அந்த மெஷின் எங்கே இருக்கிறது என்று கேட்டார். தெரியாது என்று உண்மையைச் சொன்னேன். அவர் திரையைக் கைகாட்டினார்.

“நானுந்தானுங்க கேரளாவுக்கு லோடு அனுப்பறேன். எடுக்கற ஆளு மூஞ்சியப் பாத்ததில்லீங்க. ஆனா ஆளு ஒருத்தன் இருக்கறான்னு தெரியுமுங்க. உங்களுக்கு அந்தப் பக்கம் ஆருங்க இருக்கறது?”

பழைய வாசல்

மூடும் நாளன்று ஸ்டெல்லாவை வரச் சொன்னேன். மதியம்வரை தெரிந்த தப்புகளையெல்லாம் செய்து பார்த்தார். வந்ததெல்லாம் பழைய பதில்கள். மதியத்துக்கு மேல், நம்பிக்கை இல்லாமல், கடைசியாக ஒரு தடவை அழுத்தினார். “பொறு அப்பு, இந்தா வந்துட்டேன்” என்று வந்தது. பொறுத்தோம். அப்புறம் அது மறைந்து வேறொரு வரி வந்தது: “சரி ஸ்டெல்லா, போயிட்டு வாரேன்.”

நான் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்துவிட்டேன். பிறகுதான் அவர் எழுதியதைத் தேடிப் படித்தேன். வாசல் நிரந்தரமாக மூடப்பட்டது என்று பதில் வந்தால் மட்டும் இதைக் காட்டு, உட்கார்ந்திருப்பவர் பெயரையும் சேர்த்துக்கொள் என்று எழுதியிருந்தார். அவ்வளவுதான் சங்கதி. ஆனால் ஊருக்கே அப்பு என்று எழுதியவர், இந்த ஒரு வரிக்கு மட்டும் ஏன் பெயரைக் கேட்டார்?

ஸ்டெல்லா அதற்கெல்லாம் காத்திருக்கவில்லை. எழுந்தார். சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டார். வாசற்படியில் நின்று வழியனுப்புகிற குரலில் திரையைப் பார்த்துச் சொன்னார்.

“சரிங்க. பாத்துப் போயிட்டு வாங்க.”

இப்போது பிழைச் செய்திகள் சுத்தமான ஆங்கிலத்தில் வருகின்றன, பிள்ளைகளுக்கு ஒன்றும் விளங்குவதில்லை, பேச்சியம்மாள் அக்கா மட்டும் மூலை முடுக்கெல்லாம் நன்றாகப் பெருக்குகிறார்.