கண்ணை மூடச் சொன்ன குரல்

நாள் முழுக்க கம்ப்யூட்டர் முன் குனிந்தே வேலை செய்வதால் எனக்குத் தீராத கழுத்து வலி. தோழி சொன்னதால் மொபைலில் ஒரு உடற்பயிற்சி ஆப் போட்டேன். மணிக்கொரு தரம் ஒரு பெண் குரல் வரும். அது சொன்னபடி கழுத்தை அசைப்பேன். வலி நன்றாகவே குறைந்தது. போகப் போக, குரல் கேட்டாலே யோசிக்காமல் செய்யப் பழகிவிட்டேன். அதுதான் வினையாகிவிட்டது.

ஒரு நாள் காலை மர்பி டவுனிலிருந்து ஸ்கூட்டரில் ஆபீஸ் கிளம்பினேன். நெரிசல் இல்லாத வழியை மேப் சொல்லட்டும் என்று ஹெல்மெட்டுக்குள் இயர்போன். அல்சூரில் வண்டிகள் ஊர்ந்துகொண்டிருந்தபோது, "கண்களை மூடி, தலையை மெதுவாகக் குனியுங்கள்" என்றது அந்தக் குரல். மூடிவிட்டேன்! ஒரு நொடிதான். முன்னால் நின்ற ஆட்டோவில் போய் இடித்தேன். நல்லவேளை, யாருக்கும் அடியில்லை.

டிரைவர் இறங்கிவந்து கன்னடத்தில் கத்தினார். "ஐயோ, சாரிண்ணா" என்றதும் தமிழுக்கு மாறினார்.

"ஏம்மா, வண்டி ஓட்டிக்கினே தூங்குறியா?"

"தூங்கலண்ணா, கழுத்துக்கு எக்சர்சைஸ்..." என்று நடந்ததைச் சொன்னேன்.

மனுஷர் சிரித்துவிட்டார். ஆட்டோவை ஓரம் கட்டி, தன் மொபைலை நீட்டினார். "எனக்கும் கழுத்து வலிதாம்மா. அத்தப் போட்டுக் குடு. ஆனா வண்டி ஓட்டிக்கினு இருக்கும்போது பேசாத மாதிரி வெச்சிடு."

அப்படியே வைத்துக் கொடுத்தேன். அந்த வசதி என் மொபைலிலும் இருப்பது அப்போதுதான் உறைத்தது.

இப்போது ஆபீஸ் நாற்காலியில் உட்கார்ந்த பிறகே அந்தக் குரலைப் பேச விடுகிறேன். கண்ணை மூடச் சொன்னால் தாராளமாக மூடுகிறேன்.