இரண்டு பாகம் வலை

மச்சாளின் பின்னல் ஊசி ஒரு குடைக்கம்பி. உடைந்த குடையொன்றிலிருந்து கழற்றி, நுனியைக் கிணற்றுக்கட்டில் தேய்த்துக் கொக்கிபோல வளைத்திருந்தார். கொழும்புத்துறையில் எங்கள் ஒழுங்கைப் பெண்கள் ஐந்து பேர் பை பின்னப் பழகியது அவரைப் பார்த்துத்தான். மச்சாள் என் அண்ணையின் மனைவி. அப்பாவும் அம்மாவும் இறந்த பிறகு நான் அவர்களோடுதான் இருந்தேன்.

சண்டையால் கடலுக்குப் போகத் தடை விழுந்திருந்த காலம் அது. கடற்கரையில் கழித்துப் போட்ட நைலோன் வலைகள் குவியல் குவியலாகக் கிடந்தன. மச்சாள் அவற்றைப் பொறுக்கி வந்து, சவர்க்காரம் கிடைக்காததால் அடுப்புச் சாம்பல் போட்டு ஊறவைப்பார். மூன்று முறை அலசினால்தான் மீன் மணம் போகும். பிறகு நூலெடுத்துப் பை பின்னுவோம். வெற்று உரப்பைகளைக் கிழித்து, அந்தப் பிளாஸ்ரிக் நாரைத் திரித்தால் கைபிடி. சந்தைக்குப் போகிறவர்கள் விரும்பி வாங்கினார்கள். எங்கள் வீட்டு உலை அதில்தான் கொதித்தது.

அண்ணை நீர்வேலியில் வாழைத் தோட்டங்களுக்குக் கூலிக்குப் போய்வந்தார். கடலில் நின்ற மனிதருக்கு மண்வெட்டி பிடிக்கவில்லை. தடைக்குச் சற்று முன்னர் வாங்கிய புது வலையொன்றைக் கூரை வளையில் கட்டித் தொங்கவிட்டிருந்தார். அதை யாரும் தொடுவதில்லை.

ஒருமுறை கன்னியர் மடத்துச் சிஸ்டர் ஒருவர் பள்ளிப் பிள்ளைகளுக்கென்று முப்பது பை கேட்டார். இருபத்தைந்தோடு நூல் முடிந்துவிட்டது. கடற்கரையிலும் நல்ல கழிவு வலை இல்லை. முடித்தவற்றைக் கொடுக்க மச்சாள் மடத்துக்குப் போயிருந்த பகலில், நான் புது வலையை இறக்கி, ஓரத்தில் இரண்டு பாகமளவு, விரித்த கைகளால் இரு முறை அளந்து, வெட்டியெடுத்தேன். வருடக்கணக்காகத் தொங்குகிற வலை, கடலுக்குப் போகும் காலம் வரவா போகிறது என்று நினைத்தேன். எடுத்த நூல் கடற்கரையில் கிடைத்ததென்று மச்சாளிடம் சொன்னேன்.

இரண்டு மாதத்தில் கரையோரமாகத் தொழில் செய்யலாமென்று கதை வந்தது. அண்ணை அன்றைக்கே வலையை இறக்கி முற்றத்தில் விரித்தார். ஓரத்தைக் கையில் பிடித்தபடி எங்களிடம் திரும்பினார்.

"ஆர் இதிலை கை வைச்சது?"

மச்சாள் என் முகத்தைப் பார்த்தார். அதிலேயே அவருக்கு விளங்கிவிட்டது.

"நான்தான். பைக்கு நூல் போதாமல் போச்சு" என்றார் மச்சாள்.

அண்ணை ஏசவில்லை. அன்றிலிருந்து மச்சாளோடு கதைக்கவுமில்லை. நான் பரிமாறினால் சாப்பிட்டார். மச்சாள் புதிதாகப் பின்னி வைத்திருந்த ஆறு பைகளைப் பிரித்து, நூலை வலைக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தார். அண்ணை அந்த நூலாலேயே வலையில் குறைந்த இடத்தைப் பொத்தினார்.

உண்மையைச் சொல்லப் போகிறேன் என்று நான் அழுதபோது மச்சாள் விடவில்லை. "கொண்ணருக்குக் கூடப்பிறந்ததெண்டு நீ ஒருத்திதான். என்னோடை கோவமெண்டால் ஆறும்" என்றார்.

ஆறுவதற்கு மார்கழியில் நத்தார்ப் பண்டிகை வரை சென்றது. நத்தாருக்கு முதல்நாள் அண்ணை குசினி வாசலில் நின்று மச்சாளிடம் தேத்தண்ணி கேட்டார். அதோடு அந்தக் கதை முடிந்துவிட்டதென்று நினைத்தோம்.

போன வருடம் மச்சாள் காலமானார். முப்பத்தோராம் நாள் பூசை முடிந்து வந்து இருந்தபோது அண்ணையிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

"தெரியும் பிள்ளை," என்றார். "பொத்த இருக்கேக்கையே கண்டிட்டன். உன்ரை மச்சாள் வலையிலை கத்தி வைக்கமாட்டாள். ஒவ்வொரு முடிச்சாய் அவிழ்த்துத்தான் எடுப்பாள். அது வெட்டின வலை."

"பிறகேன் அவவோடை கதைக்காமல் இருந்தனீங்கள்?"

"முதல் கோவம். தெரிஞ்ச பிறகு வெக்கம்."

அதை மச்சாளிடம் எப்போதாவது சொன்னாரா என்று கேட்டேன்.

அண்ணை இல்லையென்று தலையாட்டினார்.