தேதி விழும் கேமரா

பாஸ்கல் அட்டைப்பெட்டிக்குள் தலையை விட்டு அதன் உள்மூலையைப் படம் எடுத்துக்கொண்டிருந்தான். ஃபிளாஷ் மூன்று முறை மின்னியது. தலையை வெளியே எடுத்துத் திரையைப் பார்த்தான். அடியில் ஒட்டியிருந்த நாடாவின் சுருக்கம்கூடத் தெளிவாக இருந்தது. மூலையில் செத்துக் கிடந்த கரப்பான்பூச்சியின் கால்களை எண்ண முடிந்தது. படத்தின் வலது ஓரத்தில் மட்டும் தேதி இல்லை.

"தேதி வுழல பாய்."

"மெனுல போயி ஆன் பண்ணணும் மாமு," என்றான் ஒவைஸ். பர்மா பஜாரில் பழைய கேமரா விற்கிறவன். "மூணு ஞாயித்துக்கெழமயா வந்துகினு கீற. பொண்ணு பாக்கக்கூட எவனும் இத்தினி வாட்டி வர மாட்டான்."

"நான் ஒரே வாட்டில பாத்துட்டு வந்தேன். அதான் இப்ப கேமராவயாவது ஒழுங்கா பாக்கறேன்."

மாத்தூர் பக்கம் ஒரு கண்டெய்னர் யார்டில் பாஸ்கல் சர்வேயர். நிலம் அளக்கிறவன் அல்ல. துறைமுகத்திலிருந்து வருகிற இரும்புப் பெட்டிகளைச் சுற்றி வந்து, எங்கே பள்ளம், எங்கே வீக்கம், எங்கே துரு என்று சாக்பீஸால் வட்டம் போட்டு, படம் எடுத்து, படிவத்தில் எழுதுகிறவன். காலிப் பெட்டிக்குள் போய் நின்றுகொண்டு கதவை வெளியிலிருந்து சாத்தச் சொல்வான். இருட்டில் ஊசிமுனை வெளிச்சம் தெரிந்தால் அங்கே ஓட்டை. இருபத்திரண்டு வருடமாக மாதச் சம்பளத்துக்கு இருட்டில் நின்று ஓட்டை தேடுகிறான்.

பழக்கம் யார்டு வாசலோடு நிற்கவில்லை. கல்யாண வீட்டில் சீர்ப் பாத்திரங்களைத் தட்டிப் பார்ப்பான். புது ஃபிரிட்ஜ் வந்த அன்று அதன் பின்பக்க நெளிவைச் சுற்றி வட்டம் போட்டான். கடைக்காரன் மாற்றித் தரவில்லை. வட்டம் மட்டும் இன்னும் இருக்கிறது. ஒரு துக்க வீட்டில் சவப்பெட்டியின் கீலைப் பார்த்து, "எடது பக்கம் சரியா உக்காரல" என்று சொல்லி, செத்தவரின் மகனிடம் வாங்கிக் கட்டிக்கொண்டான். கீல் உண்மையிலேயே சரியாக உட்காரவில்லை என்பதை இன்றைக்கும் கேட்பவர்களிடம் சொல்கிறான். கேட்காதவர்களிடமும்.

அவன் மனைவி ரேச்சல் ராயபுரத்தில் ஒரு சிறிய நர்சிங் ஹோமில் பதினெட்டு வருடம் வேலை பார்த்தவள். மால்டாவில் ஒரு முதியோர் இல்லத்தில் அவளுக்கு வேலை கிடைத்திருக்கிறது. மகள் சாண்ட்ரா கோயம்புத்தூரில் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிறாள். பாஸ்கலின் சம்பளத்தைப் பார்த்துச் சிரிக்கிற படிப்பு. ஆகவே ரேச்சல் வெளிநாடு போகிறாள், பாஸ்கல் அதற்கு பட்ஜெட் போடுகிறான். வேலையை இப்படிச் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டார்கள்.

போன நவம்பர் வரை மால்டா என்று ஒரு நாடு இருப்பது பாஸ்கலுக்குத் தெரியாது. ஒரு யூரோ நூறு ரூபாய் என்று தெரிந்த நாளிலிருந்து அந்நாட்டுப் பொருளாதாரம் அவன் கையில். எதையும் நூறால் பெருக்கினால் போதும். முட்டை ஒன்று முப்பது ரூபாய். ஆகவே ரேச்சலுக்கு வாரம் நான்கு முட்டை. தக்காளி கிலோ இருநூற்றைம்பது. ஆகவே இரண்டு கிலோ புளி இங்கிருந்தே போகும். ஞாயிறு பூசையில் காணிக்கை அரை யூரோ. ஐம்பது ரூபாய் ஆயிற்றே என்று அதையும் மாதம் இரண்டு ஞாயிறாகக் குறைத்தான். ராயபுரம் மார்க்கெட்டில் முட்டை என்ன விலை என்று கேட்டால் மட்டும் ரேச்சலைக் கூப்பிடுவான்.

யார்டுப் படிவம் ஒன்றின் பின்பக்கத்தில், பொருள், நிலை, குறிப்பு என்று மூன்று பத்தி கிழித்து எழுதிய பட்ஜெட் அது. முப்பது வரி அவனுடையது. முப்பத்தோராவது வரியை ரேச்சல் தன் கையால் எழுதிச் சேர்த்தாள்: திரும்பி வர டிக்கெட், நாற்பதாயிரம். பணத்தைத் தனி உறையில் போட்டு, பட்ஜெட்டையும் மடித்து அதோடு சேர்த்து, அந்தோணியார் படத்துக்குப் பின்னால் செருகினாள். வேலை பிடிக்கவில்லை, ஆட்கள் சரியில்லை என்றால் யாரையும் கேட்காமல் ஏறி வந்துவிடுவதற்கான பணம்.

பாஸ்கலுக்கு அந்த வரி உறுத்தியது. "போற பெட்டிக்கு வர்ற வாடகைய முன்னாடியே எவன்மே கட்டுவான்?"

"நான் இன்னா பெட்டியாய்யா?" என்றாள் ரேச்சல்.

இந்த நேரத்தில்தான் சாவியோவின் குரல் பதிவு வந்தது. காசிமேட்டுப் பையன், மால்டாவில் ஓட்டல் சமையலறையில் இருக்கிறான். "அண்ணே, ரூம் காலி பண்ண சொல்லோ வாஷ்பேசின்ல விரிசல் கீதுன்னு வூட்டுக்காரன் டெபாசிட்டு முன்னூறு யூரோவ அமுக்கிட்டாண்ணே. நான் உள்ள போவ சொல்லோவே அது விரிசல் வுட்டுதான் இருந்துச்சு. யார்கிட்ட போயி சொல்றது?"

பாஸ்கல் அதை ஏழு முறை கேட்டான். முன்னூறை நூறால் பெருக்கினான். பிறகு வாழ்நாள் முழுக்க இதற்காகவே தயாராகிக்கொண்டிருந்தவன் போலச் சொன்னான்: "உள்ள போவ சொல்லோவே படம் எடுத்துருக்கணும். தேதியோட."

"என் போன்ல கேமரா கீதே," என்றாள் ரேச்சல்.

"போன் படத்த எவன் வேணா மாத்துவான். தேதி படத்து மேலயே வுழணும். அதுக்குன்னு கேமரா கீது."

யார்டில் போன வருடம் வரை அப்படி ஒரு கையடக்கக் கேமராதான் அவனிடம் இருந்தது. பிறகு அதைப் பிடுங்கிக்கொண்டு போனில் ஒரு செயலியைப் போட்டுக் கொடுத்தார்கள். அந்த அவமானம் இன்னும் ஆறவில்லை. மால்டா வீட்டுக்காரனை வைத்து அதை ஆற்றிக்கொள்ளலாம் என்று நினைத்தான்.

கையடக்கக் கேமரா செத்துப்போன பொருள், ஐந்நூறு ரூபாய்க்கு அள்ளிக்கொண்டு வரலாம் என்று நம்பித்தான் முதல் ஞாயிறு பர்மா பஜாருக்குப் போனான். ஒவைஸ் ஒன்பதாயிரம், பத்தாயிரம் என்றான். கல்லூரிப் பெண்கள் வந்து வாங்குகிறார்களாம்.

"எதுக்கு?"

"மங்கலா வுழுதாம் மாமு. இப்ப அதான் அழகு. போன்ல ரொம்ப தெளிவா வுழுதேன்னு அதுங்களுக்கு பேஜாரா கீது."

"மங்கலா வுழறத்துக்குப் பத்தாயிரமா? கண்ணாடியக் கழட்டிட்டா எனக்கு எல்லாமே மங்கலாதான் கீது. சும்மாவே."

"நீ கேக்கறா மாரி தெளிவா வேணும்னா, லென்ஸ்ல பூஞ்சை இல்லாத பீஸ். அது இன்னும் ஆவும்."

இப்படித்தான் மூன்றாம் ஞாயிறு வந்தது. மெனுவுக்குள் போய் ஒவைஸ் தேதியைப் போட்டுக் காட்டினான். "ஆனா இது நீ வக்கிற தேதிதானே மாமு. நேத்து தேதி வச்சா நேத்துதான் வுழும்."

"நான் ஏன் நேத்து தேதி வக்கிறேன்?"

"நீ வக்க மாட்ட. அது அந்த வூட்டுக்காரனுக்குத் தெரியணுமே."

பாஸ்கல் இதைக் காதில் வாங்காமல், எதிர்ப்பக்கத்து மின்பெட்டியின் எண்ணை ஜூமில் படிப்பதில் மும்முரமானான். எண் படிக்கிற மாதிரி இருந்தது. விலை பதினோராயிரத்து ஐந்நூறு.

முப்பது வரிகளில் எதிலும் அவ்வளவு கொழுப்பு இல்லை. வாரம் நான்கு முட்டையை இரண்டாக்கிப் பார்த்தான். காணிக்கையைத் தொட்டுப் பார்த்தான். மிச்சம் முப்பத்தோராவது வரி.

அன்று மாலை வீட்டில் பயிற்சி வகுப்பு. "ரூமுக்குள்ள போனதும் பையக் கீழ வக்காத. மொதல்ல படம். கதவு, ஜன்னல், பேசின், கட்டிலுக்கு அடில. எங்க விரிசல் கீதோ அங்க கிட்டப் போயி ஒண்ணு."

"ஏது காசு?"

"ஓவர்டைம்," என்றான். பொய்யைச் சொன்ன கையோடு, "சரி, நீ போயி சொவுத்தாண்ட நில்லு. உன்னையும் எடுத்துக்கறேன்," என்றான்.

"என்னை எதுக்கு?"

"போற நெலமை தெரியணும்ல. அங்க போயி எளச்சிட்டன்னா?"

ரேச்சல் சுவரோரம் நின்றாள். முன்பக்கம் ஒன்று. "திரும்பு." இடப்பக்கம். வலப்பக்கம். பின்பக்கம்.

"மேல ஏறி மண்டையயும் ஒண்ணு எடுத்துக்கறியா?" என்றாள் சுவரைப் பார்த்தபடி. "பள்ளம் எதனா கீதா பாரு."

அவன் உண்மையிலேயே பார்த்தான். இடது மணிக்கட்டில் எண்ணெய் பட்ட பழைய தழும்பு. கையைப் பிடித்து நிமிர்த்தி, கிட்டப் போய் அதை ஒரு படம் எடுத்தான். ரேச்சலுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்பில் அவள் அசைய, ஆறாவது படம் கலங்கிப் போயிற்று. "கெடுத்துட்டியேமே," என்றான் பாஸ்கல்.

வெள்ளிக்கிழமை காலை. மறுநாள் விமானம். யூரோவாக மாற்ற வேண்டும் என்று ரேச்சல் உறையை எடுத்துப் பிரித்தாள். இருபத்தெட்டாயிரத்து ஐந்நூறு இருந்தது. கூடவே இருந்த பட்ஜெட்டைப் பார்த்தாள். முப்பத்தோராவது வரியில் நாற்பதாயிரத்தை ஒரே கோட்டில் நேராக அடித்து, மேலே 28,500 என்று எழுதி, பக்கத்தில் சின்னதாகக் கையெழுத்து போட்டிருந்தது. அடித்தல் திருத்தல் இருந்தால் சர்வேயர் அங்கே கையெழுத்திட வேண்டும். யார்டு விதி. இருபத்திரண்டு வருடத்தில் பாஸ்கல் ஒருமுறையும் அதை மீறியதில்லை.

"இது உன் கையெழுத்துதானே?"

"ஆமா."

"திருடிட்டு சைன் போட்டு வச்சிகிற ஆள இப்பதான்யா பாக்கறேன்."

பாஸ்கல் டெபாசிட்டைப் பற்றிப் பேச ஆரம்பித்தான். வாஷ்பேசின், விரிசல், முன்னூறு யூரோ, முப்பதாயிரம். கேமராவுக்குப் போனது பதினொன்றரை. கழித்துப் பார்த்தால் பதினெட்டரை லாபம். ரேச்சல் புடவைகளை மடித்துப் பெட்டியில் வைத்துக்கொண்டே கேட்டாள். அவன் முடிக்கிற வரைக்கும் விட்டாள்.

"அங்க எவனா கைய நீட்றான். இல்ல, சம்பளம் குடுக்காத இழுக்கறான். அப்ப நான் படம் புடிச்சிகினு உக்காந்துருக்கணுமா?"

"அதெல்லாம் எதுக்கு இப்ப..."

"டெபாசிட்டு திரும்பி வர்றத்துக்கு கேமரா வாங்கிகின. நான் திரும்பி வர்றத்துக்கு இன்னா வச்சிகிற?"

"நீ ஏன் திரும்பி வர்ற?" என்று கேட்டான் பாஸ்கல்.

வேலையை ஏன் பாதியில் விடப்போகிறாய் என்ற பொருளில்தான் கேட்டான். கேட்ட பிறகுதான் அது எப்படி விழுந்தது என்று அவனுக்கே தெரிந்தது. ரேச்சல் கையிலிருந்த புடவையை மடிக்காமல் வைத்துக்கொண்டு அவனைப் பார்த்தாள். பிறகு மடித்தாள்.

பாஸ்கல் உறையையும் கேமராவையும் எடுத்துக்கொண்டு ஸ்கூட்டரைக் கிளப்பினான்.

ஒவைஸ் கேமராவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "அஞ்சு நாள்ல இன்னா மாமு? பொண்ணு புடிக்கலயா?"

"எவ்ளோ தருவ?"

"ஒம்போது. தெளிவா வுழற பீஸு, எவ வாங்குவா?" படங்களைத் தட்டிப் பார்த்தான். "ஆறு கீது. இதென்ன, நாலு பக்கமும் நிக்க வச்சி, போலீஸ் ஸ்டேஷன்ல மாரி? இந்தக் கடேசி ஒண்ணுதான் நல்லா கீது. மங்கலா, சிரிச்சிகினு. அழிச்சிடட்டா?"

பாஸ்கல் கேமராவை வாங்கி, அடியிலிருந்த மூடியைத் திறந்து, மெமரி கார்டை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான்.

"கார்டு இல்லாத எட்டாயிரத்து அறுநூறுதான் மாமு."

"சரி."

மூன்று ஞாயிறு பேரம் பேசியவன் இவ்வளவு சீக்கிரம் சரி சொன்னதில் ஒவைஸுக்குத்தான் ஏமாற்றம்.

பணம் மாற்றுகிற கடை நாலு கடை தள்ளி. அங்கே யூரோவை நூறால் பெருக்கவில்லை. நூற்று மூன்றால் பெருக்கினார்கள். இது எந்த ஊர் நியாயம் என்று பாஸ்கல் கேட்டான். இன்றைய நியாயம் என்றார்கள். வேலைக்குப் புது ஷூ வாங்க வைத்திருந்த மூவாயிரத்து ஐந்நூறும், பெட்ரோலுக்கு வைத்திருந்த அறுநூறும் அதில் போயின.

வீட்டில் ரேச்சல் நோட்டுகளை வாங்கி எண்ணினாள். ஐம்பது யூரோ நோட்டு எட்டு. கைப்பையின் உள்பக்க ஜிப்பைத் திறந்து வைத்து, ஜிப்பை மூடி, மூடியதை ஒருமுறை இழுத்துப் பார்த்தாள்.

"சரியா கீது," என்றாள். "துன்றியா, சோறு போடட்டா?"

மறுநாள் சனிக்கிழமை. காலை ஐந்தே காலுக்கு வண்ணாரப்பேட்டையில் மெட்ரோ ஏறினார்கள். பெட்டி இரண்டு, கைப்பை ஒன்று. ஏழு மணிக்கு ரேச்சல் விமான நிலையத்துக்குள் போனாள். ஒன்பதரைக்கு விமானம் கிளம்பியது. பாஸ்கல் அங்கிருந்து மூன்று பஸ் மாறி யார்டுக்குப் போனான். பதினேழு பெட்டி பார்த்தான். நான்கில் பள்ளம், ஒன்றின் கூரையில் ஓட்டை. கூட வேலை பார்ப்பவர்கள் நீட்டிய சோற்றை வேண்டாம் என்று சொல்லி மதியம் இரண்டு வாழைப்பழம் சாப்பிட்டான். ஏழு மணிக்கு வீடு வந்தான். இரண்டு நாளாகப் போட்டிருந்த சட்டையைக் கழற்றி வாளியில் போட்டவன், மறுபடி எடுத்து, பையிலிருந்த கார்டை ஃபிரிட்ஜ் மேல் வைத்தான். அதைப் போட்டுப் பார்க்க வீட்டில் எதுவும் இல்லை. சோப்புத்தூள் எங்கே இருக்கிறது என்று கேட்க ரேச்சலுக்குப் போன் போட்டான். அவள் இன்னும் வானத்தில்தான் இருந்தாள். நீங்கள் அழைக்கும் எண் தற்போது அணைத்து வைக்கப்பட்டுள்ளது என்று தமிழில் சொன்னது, ஆங்கிலத்தில் சொன்னது, இந்தியில் சொன்னது. பாஸ்கல் மூன்றையும் கேட்டு முடித்துவிட்டு வைத்தான்.