சொல்லிட்டுப் போகணும்

எங்க அக்காவுக்குக் கோபம் வந்து நான் பார்த்ததில்ல. அவளுக்கும் சேர்த்து எனக்குத்தான் வரும். அதனால அன்னிக்குக் கோட்டை பார்க்கப் போறோம்னு அவ கிளம்பினப்ப, பஸ்ஸுல ஏறும்போதே நான் மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிட்டேன். பிள்ளையை விட்டுட்டு வரப் போறவளுக்குக் கோட்டை என்ன, கொத்தளம் என்ன?

எங்க தங்கச்சி பிரசவத்துலயே போய்ச் சேர்ந்துட்டா. மாப்பிள்ளைக்கு வீட்டுல வேற ஆள் கிடையாது, பகல் ராத்திரின்னு மாத்தி மாத்தி வேலை. "எனக்கு ஒரு வழி பிறக்கிற வரைக்கும் வெச்சுக்குங்கக்கா"ன்னு ஆஸ்பத்திரி வராந்தாவுல நின்னு அழுதாரு. அக்கா அந்தப் பச்ச மண்ணைத் துணியில சுத்தி எடுத்துட்டு வந்துட்டா. அவளுக்குக் கல்யாணம் ஆகல. என்னையும் தங்கச்சியையும் ஆளாக்குற மும்முரத்துல அதுக்கு நேரமே கிடைக்கலன்னு வேணா சொல்லலாம்.

அவ வேலை பார்த்தது ஒரு குழந்தைகள் காப்பகத்துல. தரை துடைக்கச் சேர்ந்தவ, அப்புறம் ஆயா ஆனா. காலையில கேட்டுல நின்னு பிள்ளைங்களை வாங்கிக்கிறதும், சாயங்காலம் பெத்தவங்க கையில ஒப்படைக்கிறதும் அவதான். எல்லாப் பொடிசுங்களும் அவளைப் பெரியம்மான்னுதான் கூப்பிடும். எங்க பொடிசும் அப்படித்தான் கூப்பிடும். நிஜமாவே பெரியம்மாங்கிறது அதுக்கு எங்க தெரியும்? அக்கா இடுப்புலயே அந்தக் காப்பகத்துக்குப் போய், அங்கயே தவழ்ந்து, அங்கயே நடக்கக் கத்துக்கிட்டது அது.

கேட்டுல அக்காவுக்கு ஒரே ஒரு சட்டம். குழந்தை பொம்மையைப் பார்த்துட்டிருக்கிற நேரமா நைசா நழுவப் பார்க்கிற அம்மாக்களை விடவே மாட்டா. "ஏம்மா, திருடவா வந்த? சொல்லிட்டுப் போ. சொல்லிட்டுப் போனா கொஞ்ச நேரம் அழும். சொல்லாமப் போனா நாள் முழுக்கத் தேடும்"பா. டாக்டரம்மாவா இருந்தாலும் சரி, பேங்க் மேனேஜரா இருந்தாலும் சரி, குனிஞ்சு பிள்ளை முகத்தைப் பார்த்துச் சொல்லிட்டுத்தான் வெளிய போகணும்.

மாப்பிள்ளைக்கு ஒரு வழி பிறந்துச்சு. கோட்டைக்குள்ள இருக்கிற அருங்காட்சியகத்துல எலக்ட்ரீஷியன் வேலை, மதில் ஓரத்துச் சந்துல ஒரு வீடு, புதுசா ஒரு பொண்டாட்டி. பிள்ளையைக் கேட்டாரு. நான் எகிறினேன். அக்காதான், "அப்பன் இருக்கிற பிள்ளைடா. நாம யாரு தடுக்க?"ன்னு வாயடைச்சுட்டா. ஆனா வாசல்லயே கைமாத்திட்டு ஓடி வர்றது அவளுக்குப் பிடிக்கல. ஒரு நாள் முழுக்க எல்லாரும் சேர்ந்து ஊர் சுத்திப் பார்ப்போம், பிள்ளை புது முகத்தைப் பழகிக்கட்டும், அழாம இருக்கட்டும்னா. அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான்.

அந்தப் புது முகம் பஸ் ஸ்டாண்டுக்கே வந்து நின்னுச்சு. நான் கண்ணுல விளக்கெண்ணெய் விட்டுக்கிட்டுக் குத்தம் தேடினேன். ஒண்ணும் சிக்கல. "வாங்கண்ணே"ன்னு பையை வாங்கிக்கிட்டா. பிள்ளையைத் தூக்க அவசரப்படல, கன்னத்தைக் கிள்ளல. கெட்டவளா இருந்திருந்தா சண்டையாவது போட்டிருக்கலாம். வயித்தெரிச்சலை எங்க போய்க் கொட்டுறது?

கோட்டையில ராஜா படுத்த கட்டில், ராணி குளிச்ச குளம், ஆளுயரப் பீரங்கின்னு மாப்பிள்ளை ஒவ்வொண்ணாக் காட்டினாரு. பொடிசு எதையும் சட்டை பண்ணல. அதுக்குப் புறாவும், நடைபாதையில கொட்டியிருந்த கூழாங்கல்லும் போதும். ஒரு கல்லை எடுத்து அக்கா கையில குடுக்கும், இன்னொண்ணை என் சட்டைப் பையில போடும். மத்தியானத்துக்கு மேல ஒரு கல்லைப் புது அம்மா கையிலயும் வெச்சுது. அவ அதை மூடின கைக்குள்ளயே வெச்சுக்கிட்டு நடந்தா. அக்கா என்னைப் பார்த்துச் சிரிச்சா. எனக்குச் சிரிப்பு வரல.

வீடு சின்னதா, சுத்தமா இருந்துச்சு. சுவரோரம் குட்டிக் கட்டில், அதுல புதுப் போர்வை. பொடிசு கட்டில்ல ஏறி இறங்கி விளையாடிட்டிருந்தப்ப, "அக்கா, இப்பவே கிளம்பிடுங்க, பார்க்காது"ன்னு மாப்பிள்ளை கிசுகிசுத்தாரு. அக்கா தலையாட்டி மறுத்துட்டு, பொடிசு முன்னால மண்டி போட்டு உக்காந்தா. வாயைத் திறந்தா, மூடினா. அப்புறம், "பெரியம்மா போயிட்டுச் சாயங்காலம் வந்துடறேன், சரியா?"ன்னா.

"சரி"ன்னு பொடிசு கையை ஆட்டுச்சு. ஒரு துளி அழல. எல்லாருக்கும் போன உசுரு திரும்பி வந்த மாதிரி இருந்துச்சு. நானும் அப்பாடான்னு மூச்சு விட்டேன். அக்கா மட்டும் பஸ் ஸ்டாண்டு வர்ற வரைக்கும் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கிட்டே வந்தா. சரி, மனசு கனத்துக் கிடக்குன்னு நானும் விட்டுட்டேன்.

எங்க பஸ் வர லேட்டாச்சு. பெஞ்சுல உக்காந்து டீ குடிச்சிட்டிருந்தோம். விளக்கெல்லாம் போட ஆரம்பிச்ச நேரம், மாப்பிள்ளை போன் பண்ணாரு. நான் ஸ்பீக்கர்ல போட்டேன்.

"அழவே இல்ல மச்சான், தங்கமான பிள்ளை. ஆனா சாப்பிட மட்டும் உள்ள வரமாட்டேங்குது. செருப்பை மாட்டிக்கிட்டு, பையைத் தோள்ல போட்டுக்கிட்டு வாசப்படியில உக்காந்திருக்கு. என்ன விளையாட்டுன்னே புரியல."

அக்கா டீயை அப்படியே கீழ வெச்சுட்டா. எனக்கும் அப்பதான் உறைச்சுது. காப்பகத்துல சாயங்காலமானா எல்லாப் பிள்ளைங்களும் அப்படித்தான் உக்காரும், செருப்பும் பையுமா, வாசலைப் பார்த்துக்கிட்டு. அப்படி உக்கார வெச்சுப் பழக்கினதே அக்காதான். வரேன்னு சொல்லிட்டுப் போனவங்க வராம இருந்ததை அந்தப் பிள்ளை ஒரு நாளும் பார்த்ததில்ல.

"திரும்பிப் போகணும்டா"ன்னா.

"பைத்தியமா உனக்கு? இப்பப் போய் நின்னா பிச்சுக்கிட்டு ஓடி வரும். கொஞ்ச நேரத்துல தானா தூங்கிடும், விடு."

"இன்னிக்குத் தூங்கிடும். நாளைக்கும் உக்காருமேடா. வாய் வரைக்கும் வந்துச்சு, சொல்ல முடியல. தினமும் கேட்டுல அம்மாக்கள் பிள்ளைங்ககிட்ட சொல்றதே வாயில வந்துடுச்சு. அதுகிட்டப் போய் நான் பொய் சொல்லிட்டேன்டா."

பஸ் வந்து நின்னுச்சு. நாங்க ஏறல.

சந்துக்குள்ள திரும்பினதுமே தெரிஞ்சுது. வாசப்படியில பொடிசு, ரெண்டு படி தள்ளிப் புது அம்மா, கையில தட்டு. எங்களைப் பார்த்ததும் பொடிசு ஓடி வரல, துள்ளல. மெல்ல எழுந்து பாவாடையைத் தட்டி விட்டுக்கிட்டு, புது அம்மாவுக்கு டாட்டா காட்டுச்சு. அப்புறம் வந்து அக்கா விரலைப் பிடிச்சுக்கிட்டு, "போலாம்"னுச்சு.

அக்கா அங்கயே தரையில உக்காந்துட்டா.

"கண்ணு, பெரியம்மா பொய் சொல்லிட்டேன். இது உன் வீடு. நீ இங்கதான் இருக்கப் போற. பெரியம்மா கூட்டிட்டுப் போக வரல."

"நாளைக்கு?"

"நாளைக்கும் வரமாட்டேன். எப்பவாச்சும் பார்க்க வருவேன். பார்த்துட்டுத் திரும்பிப் போயிடுவேன்."

எவ்வளவு புரிஞ்சுதோ தெரியல. அக்கா முகத்தையே பார்த்துச்சு. அப்புறம் வீல்னு கத்துச்சு பாருங்க, சந்துல இருந்த ஜன்னலெல்லாம் திறந்துடுச்சு. அக்கா கழுத்தைக் கட்டிக்கிட்டு விட மாட்டேங்குது. மாப்பிள்ளை சுவர்ப் பக்கம் திரும்பி நின்னுட்டாரு. புது அம்மாவும் அழுதுட்டா. "கூட்டிட்டுப் போயிடுங்கக்கா. என்னால இதைப் பார்க்க முடியல"ன்னா.

சரின்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும், அங்க யாரும் தடுத்திருக்க மாட்டாங்க. சொல்லேன்க்கா, சொல்லித் தொலையேன்னு மனசுக்குள்ள கத்தினேன்.

அக்கா அந்தக் குட்டி விரல்களை ஒவ்வொண்ணாப் பிரிச்சா. பிள்ளையைத் தூக்கிப் புது அம்மா தோள்ல போட்டா.

"தட்டிக் குடும்மா. அது வாயைப் பொத்தாத, பிஸ்கட் குடுத்து ஏமாத்தாத. அடிக்கும், வாங்கிக்கோ. இன்னிக்கு உன் தோள்ல அழுது முடிச்சுதுன்னா, இனிமே அழணும்னா உன்னைத்தான் தேடும்."

சொல்லிட்டு நடந்தா. "பெரியம்மா, பெரியம்மா"ங்கிற சத்தம் முதுகுலயே வந்துச்சு. தெரு முனையில, பூட்டின ஒரு கடை முன்னால அக்கா நின்னுட்டா. வான்னு கூப்பிட்டேன், நகரல. சத்தம் ஓங்கி, தேஞ்சு, விக்கலாகி, ஒரு வழியா நின்னுச்சு.

"தூங்கிட்டா"ன்னா.

அதுக்கப்புறம்தான் அவ அழ ஆரம்பிச்சா. நடுத்தெருவுல, என் சட்டையைப் பிடிச்சுக்கிட்டு, போற வர்றவங்க பார்க்கப் பார்க்க அழுதா. எங்களை வளர்த்த காலத்துல கூட அவ அழுது நான் பார்த்ததில்ல. நான் அவ முதுகைத் தட்டிக் குடுத்துட்டு நின்னேன்.