கிழிஞ்சாத்தான் சோறு

பேருந்தில் ஏறினால் மாஸ்டர் வெளியே வேடிக்கை பார்ப்பதில்லை. மேல்கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறவர்களின் அக்குளைப் பார்க்கிறார். ஒரு மனிதன் கையைத் தூக்கினால்தான் அவன் போட்டிருக்கும் சட்டையை வெட்டியவனின் யோக்கியதை தெரியும் என்பது அவர் கட்சி. நூல் விட்டுப்போன இடம், பிரித்துத் தைத்த தடம், வீட்டில் வேறு நிற நூலால் அவசரத்துக்குப் போட்ட ஒட்டுத்தையல் எல்லாம் அவர் கண்ணில் தப்பாது. சில நாள் கையும் சும்மா இருக்காது. முன்னால் நிற்கிறவரின் கக்கத்தில் விரலை வைத்துவிடுவார். "யோவ், என்னய்யா பண்றே?" என்று அந்த ஆள் துள்ளிக் குதித்தால், "ஒண்ணுமில்லீங்க, தையல் விட்டிருக்கு. அக்குள்தாங்க சட்டையோட உயிர்" என்பார், ஏதோ வைத்தியர் மாதிரி. பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் மனைவி இந்த மனிதருக்கும் தனக்கும் எந்த ஒட்டுறவும் இல்லாததுபோல ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

மாஸ்டர் சீருடை தைக்கும் பட்டறையில் துணி வெட்டுகிறவர். பட்டறை அவர்களுடையதுதான். ஒரு நீளக் கூடம், இரண்டு வரிசைத் தையல் இயந்திரங்கள், கோடியில் அவருடைய மேஜை. வெளிச்சம் நன்றாக விழும் இடம் அது. வேறு யாரும் அதில் தண்ணீர்ச் செம்பைக்கூட வைக்க முடியாது. துணியை அடுக்கடுக்காக விரித்து, மேலே அளவு அட்டைகளைப் பரப்பி, கையும் காலருமாக நகர்த்தி நகர்த்திப் பார்ப்பார். முதுகு அட்டையின் வளைவுக்குள் பாக்கெட் அட்டையைச் செருகிவிட்டால் முகம் மலர்ந்துவிடும். "துணிக்கு நடுவுல எறும்பு போறதுக்கு வழி இருந்தா அது கட்டிங்கே இல்ல" என்பார். மற்றவர்கள் நூறு சட்டை எடுக்கும் துணியில் இவர் கூடவே நாலு எடுப்பார். அந்த நாலு சட்டை எங்கிருந்து வந்தது என்பது அவருக்கும் மனைவிக்கும் மட்டும் தெரியும்.

தையலுக்கு உள்ளே மடங்கிப் போகும் துணி இருக்கிறதே, வெளியே கண்ணில் படாதது, அதிலிருந்துதான் வந்தது. இரண்டு விரல் அகலம் விடவேண்டிய இடத்தில் மாஸ்டர் அரை விரல் விடுவார். புதிதில் சட்டை ஜோராக இருக்கும். ஒரு வருஷம் போனால் அக்குளில் பொத்துக்கொள்ளும். பள்ளிக்கூடமோ உணவகமோ மறுபடியும் தைக்கச் சொல்லி ஆள் அனுப்பும். "கிழிஞ்சாத்தான் சோறு" என்று இதற்கு ஒரு தத்துவமும் வைத்திருந்தார். அதில் அவருக்குக் கூச்சம் எதுவும் கிடையாது. ஊர் உலகத்தில் பல்பு செய்கிறவனும் செருப்பு செய்கிறவனும் அப்படித்தானே பிழைக்கிறான் என்பார்.

அந்தத் தத்துவத்துக்கு வேட்டு வைத்தது எங்கோ தூரத்தில் இருந்த ஒரு பெரிய தொழிற்சாலை. அவர்களும் கிழிகிற சட்டைதான் தைத்தார்கள், ஆனால் இவர்கள் துணி வாங்கும் விலைக்கே சட்டையை விற்றார்கள். பழைய வாடிக்கைகள் ஒவ்வொன்றாக நழுவின. பின்வரிசை இயந்திரங்களுக்கு உறை போட்டாகிவிட்டது. முன்வரிசையில் உட்கார்ந்திருந்த பெண்கள், அடுத்த உறை தன் இயந்திரத்துக்கா என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

வியாபாரம் பேசுவது, வசூலிப்பது எல்லாம் மனைவிதான். ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில் அவர் சொன்னார். "என்னங்க, விலையில நம்மால அவனை ஜெயிக்க முடியாது. சட்டையோட ஆயுசுல ஜெயிக்கலாம். இனிமே சட்டையை விக்க வேணாம். வாடகைக்கு விடுவோம்."

மாஸ்டருக்குப் புரையேறிவிட்டது. "சட்டையை வாடகைக்கு விடுறதா? அது என்ன, வீடா? மாடிப் போர்ஷன் காலின்னு போர்டு எழுதி மாட்டிடவா?"

"சிரிங்க, நல்லா சிரிங்க. மாசாமாசம் போட்டுக்கிறதுக்குக் காசு. கிழிஞ்சா நாமளே தைச்சுக் குடுக்கணும். ஆள் பெருத்தா பிரிச்சு விடணும். ஒரேயடியா நைஞ்சு போச்சுன்னா திரும்ப வாங்கி, வெட்டி, தலையணை உறையோ கைத்துணியோ ஆக்கிடணும். சட்டை எத்தனை நாள் உழைக்குதோ அத்தனை நாள் நமக்கு வரும்படி."

"அப்போ கிழிஞ்சா?"

"கிழிஞ்சா நம்ம சோத்துல மண்ணு."

வங்கியிலும் முதலில் சிரிப்பார்கள் என்றுதான் மாஸ்டர் எதிர்பார்த்தார். ஆனால் கடன் பார்க்கும் அம்மா நேரிலேயே வந்துவிட்டார். "வித்துட்டுக் கையைக் கழுவுற வியாபாரத்துக்கே கடன் குடுத்துப் பழகிட்டோம். செஞ்சதைத் திரும்ப வாங்கிக்கிறவங்களுக்கும் குடுங்கன்னு இப்போ மேலிடத்துல சொல்றாங்க. வட்டியும் கொஞ்சம் கம்மி" என்றார். பட்டறை முழுவதும் சுற்றிப் பார்த்து, மேஜைக்கு அடியில் குனிந்து, "கழிவு எவ்வளவு வருது?" என்று கேட்டார். மாஸ்டர் துண்டுத்துணிப் பையைத் தூக்கிக் காட்டினார். ஒரு பூனைக்குப் படுக்கை போடக்கூடக் காணாது. அந்த அம்மா அசந்துபோய், "கழிவே இல்லாத பட்டறையை இப்பத்தான் பாக்குறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். மாஸ்டர் அதைப் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். கடன் மனைவி பெயரில் வந்ததால், அன்றிலிருந்து அவரை 'முதலாளி' என்று கூப்பிட ஆரம்பித்தார்.

முதல் வாடகைச் சட்டைகள் ஒரு உணவகத்துப் பரிமாறுகிறவர்களுக்குப் போயின. இரண்டு விரல் விட்டு வெட்டச் சொல்லித்தான் முதலாளி உத்தரவு. மாஸ்டரும் சரி என்றுதான் சொன்னார். ஆனால் வாய் சொன்னதைக் கை கேட்கவில்லை. கோடு போடும் சாக்குக்கட்டி பழைய பழக்கத்தில் அட்டையை ஒட்டியே ஓடிவிட்டது. அதை அவர் அப்போது உணரக்கூட இல்லை.

சில மாதத்தில் சட்டைகள் திரும்பி வரத் தொடங்கின. எல்லாம் அக்குள். முன்பு ஒரு சட்டை கிழிந்தால் புது ஆர்டர்; இப்போது கிழிந்தால் பட்டறைச் செலவில் தையல். மனைவி மூட்டையை அவிழ்த்து மாஸ்டரின் மேஜைமேலேயே கொட்டினார். யாரும் செம்பு வைக்காத மேஜை! தைக்கிற பெண்கள் இயந்திரத்தை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். மாஸ்டர் ஊசியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

நாலாவது சட்டையோ ஐந்தாவதோ, கையை உள்ளே விட்டபோது சுருக்கென்று குத்தியது. ஒரு ஊக்கு. பரிமாறுகிறவர் யாரோ கிழிசல் தெரியாமல் இருக்க உள்பக்கமாகக் குத்தி வைத்திருக்கிறார். அந்த ஊக்கோடுதான் அந்த மனிதர் நாள் முழுக்கத் தட்டு தூக்கியிருக்கிறார், அது குத்துமோ குத்துமோ என்று கையை ஒடுக்கிக்கொண்டு. இத்தனை வருஷம் எத்தனை அக்குளில் எத்தனை ஊக்கு குத்தியதோ. மாஸ்டர் அந்த ஊக்கைக் கழற்றித் தன் சட்டைப் பாக்கெட்டின் உள்பக்கம் குத்திக்கொண்டார். பிறகு எந்தச் சட்டை போட்டாலும் அது அங்கே இருந்தது.

"உள்ள ரெண்டு விரல் விட்டா நூத்துக்கு நாலு சட்டை குறையுமே. துணி வீணாகாதா?" என்று மனைவியிடம் மெதுவாகக் கேட்டார்.

"வெட்டி விழுறது மட்டுமா வீணு? ஒரு வருஷத்துல பொத்துப்போற சட்டை, காலரோட பொத்தானோட மொத்தமும் வீணுதாங்க."

அன்று சாயங்காலம் மாஸ்டர் பழைய அட்டைகளை எல்லாம் ஒரு நூலில் கட்டிப் பரண்மேல் போட்டார்.

இந்தச் சமயத்தில்தான் ஒரு பெரிய மருத்துவமனையிலிருந்து கொள்முதல் பார்க்கும் அதிகாரி வந்தார். ஊழியர்கள் அத்தனை பேருக்கும் வாடகைச் சீருடை. அது கிடைத்தால் உறை போட்ட இயந்திரங்கள் மறுபடி ஓடும். கிடைக்காவிட்டால் முன்வரிசையையும் மூடவேண்டியதுதான். முதலாளி வங்கிக்குப் போயிருந்தார். மாஸ்டர் தனியாக மாட்டிக்கொண்டார்.

அதிகாரி பழைய காலத்து மனிதர், வார்த்தையை அளந்து பேசுகிறவர். எல்லாவற்றையும் பார்த்துத் தலையசைத்துவிட்டு, கடைசியில் நாற்காலியில் சாய்ந்துகொண்டு கேட்டார். "சரி, கழிவு எவ்வளவு?"

மாஸ்டருக்கு மார்பு விம்மியது. "கழிவா? ஒரு துளிகூடக் கிடையாதுங்க."

"கொஞ்சம்கூடவா?"

"பேச்சுக்கே இடமில்ல சார்."

"மத்தவங்க எல்லாம் பத்து சதவீதம் தர்றாங்களே?"

"பத்தா?" மாஸ்டர் பதறிப்போனார். "அவங்களுக்கெல்லாம் தொழில் தெரியாது சார். அந்த மாதிரி ஆளுங்களை வாசல்லயே சேக்காதீங்க!"

அதிகாரி எழுந்து பையை மாட்டிக்கொண்டு, ஒரு வணக்கத்தை மட்டும் போட்டுவிட்டுப் போய்விட்டார்.

மேஜைக்கு இந்தப் பக்கம் கழிவு என்றால் வெட்டி விழுகிற துண்டு. அந்தப் பக்கம், வியாபாரிகள் பாஷையில், விலையில் குறைத்துக் கொடுக்கிறது. வாழ்நாளெல்லாம் இந்தப் பக்கமே நின்ற மனிதருக்கு அது எப்படித் தெரியும்? நடந்ததை அவர் பெருமையாக ஒப்பிக்கக் கேட்ட முதலாளி தலையில் கைவைத்துக்கொண்டு படியிலேயே உட்கார்ந்துவிட்டார். அர்த்தம் விளங்கியதும் மாஸ்டர் முகத்தில் ஈயாடவில்லை. "போன் பண்ணு முதலாளி, நான் கால்ல விழுறேன்" என்றார்.

காலில் விழவேண்டி வரவில்லை. மனைவி தொலைபேசியில் விளக்கிச் சொன்னார். பிறகு அந்த அளந்து பேசும் மனிதர் விழுந்து விழுந்து சிரிப்பது மாஸ்டருக்கே கேட்டது. ஆனால் சிரிப்பு வேறு, வியாபாரம் வேறு. "ஒரே ஒரு வார்டுக்குக் குடுங்க. ஆறு மாசம் பாக்குறேன். கிழிஞ்சு வந்தா அத்தோட சரி" என்றார்.

அந்த வார்டுக்கு வெட்டிய அன்று மாஸ்டர் புது அட்டைகளைப் பரப்பினார். சாக்குக்கட்டி வழக்கம்போல அட்டையோரத்துக்கே ஓடியது. நிறுத்தினார். இடது கையின் இரண்டு விரலை அட்டைக்கு வெளியே படிய வைத்து, அதற்கும் அப்பால் கோடு போட்டார். ஒவ்வொரு அக்குளுக்கும் அப்படியே விரலை வைத்து வைத்துப் போட்டார். வேலை முடிந்தபோது விரல் இரண்டும் சாக்குப் பொடியில் வெளுத்துப் போயிருந்தன.

ஆறு மாதம் முடிந்தது. அதிகாரி, "நேர்ல வாங்க" என்று மட்டும் சொல்லி போனை வைத்துவிட்டார். நல்லதா கெட்டதா தெரியவில்லை. கணவனும் மனைவியும் பேருந்தில் உட்கார்ந்து போனார்கள். வழியில் ஓர் ஆள் ஏறி அவர்கள் பக்கத்தில் நின்று கம்பியைப் பிடித்தார். நல்ல உயரம், மூட்டை தூக்குகிற தோள். மாஸ்டர் சட்டென்று நிமிர்ந்தார். இளம்பச்சைச் சட்டை. அந்த வார்டுக்கு அவர் வெட்டியது.

ஓட்டுநர் ஒவ்வொரு முறை பிரேக் போடும்போதும் அந்த ஆளின் கை இழுபட்டது. தையல் அசையவில்லை. மாஸ்டர் வாயைப் பிளந்தபடி பார்த்துக்கொண்டிருந்தார். "எழுந்து அவருக்கு இடம் குடுங்களேன், பாவம், வேலைக்குப் போறவர்" என்று மனைவி இடித்தார்.

"இரு முதலாளி. இன்னும் ரெண்டு ஸ்டாப் போகட்டும்."

மனைவி அந்த ஆளைப் பார்த்து, யாரோ வழிப்போக்கர் மாதிரிக் கேட்டார். "ஆஸ்பத்திரிச் சட்டையா தம்பி? எப்படி இருக்கு?"

"இதுக்கென்னக்கா? சட்டை சட்டையா இருக்கு. நோயாளியைத் தூக்குற வேலை எனக்கு. முன்னெல்லாம் தூக்கும்போதே டர்ருங்கும், மானம் போயிடும். இப்போ அந்தப் பயம் இல்ல. மத்த வார்டுல எல்லாம் எங்களுக்கு எப்போ, எங்களுக்கு எப்போன்னு ஒரே சண்டை. அடுத்த மாசத்துலேர்ந்து எல்லாருக்கும் இதுதானாம். நேத்துதான் சொன்னாங்க."

மனைவியின் கை மாஸ்டரின் முழங்காலை இறுகப் பற்றியது. தன் கண் கலங்கியதை யாரும் பார்ப்பதற்குள் மாஸ்டர் தடாலென்று எழுந்தார். "உக்காருங்க தம்பி, நீங்க உக்காருங்க" என்று அந்த ஆளைத் தோளைப் பிடித்து அமுக்கி உட்காரவைத்துவிட்டு, தன் கையை உயர்த்திக் கம்பியைப் பிடித்தார்.

டர்ர்ர்.

பேருந்தில் பாதிப் பேர் திரும்பிப் பார்த்தார்கள். மாஸ்டர் போட்டிருந்தது பழைய சட்டை, பரணுக்குப் போன அட்டையில் வெட்டியது. அவர் இன்னொரு கையால் பாக்கெட்டின் உள்பக்கம் துழாவி, அங்கே குத்தியிருந்த ஊக்கைக் கழற்றி மனைவியிடம் நீட்டினார். கம்பியைப் பிடித்த கையை இறக்காமல், எல்லோரும் பார்க்க, அக்குளை அவர் பக்கமாகத் திருப்பிக் காட்டினார்.