மாப்பிள்ளைக்கு இன்சூரன்ஸ்

பவானேஸ்வரி தன் வாழ்நாளில் விரும்பி இன்சூரன்ஸ் எடுத்ததே இல்லை. எடுத்தது ஒரே முறை, மோட்டார் சைக்கிளுக்கு. அதுவும் போலீஸ்காரர் சாலையோரம் நிறுத்திக் கேட்டதற்கு அப்புறம். உயிருக்கு எடுக்கச் சொல்லி வாசலுக்கு வரும் ஏஜென்ட்டுகளிடம், "நான் செத்தா யாருக்கு என்னா நஷ்டம்?" என்று கேட்பாள். அவர்கள் பதிலை யோசிப்பதற்குள் கதவைச் சாத்திவிடுவாள். அப்படிப்பட்டவள் ஐம்பத்தோராவது வயதில், கிழட்டுக் குதிரை ஒன்றுக்கு இன்சூரன்ஸ் தேடி அலைந்தாள்.

அவள் மலாக்காவில் ஜாசின் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவள். கல்யாணம் ஆகிப் புக்கிட் ரம்பாய்க்கு வந்தாள். வேலை தேடி ஜொகூருக்குப் போன கணவருக்கு வேலையும் கிடைத்தது, வேறொரு வீடும் கிடைத்தது. அதற்கப்புறம் தங்கா பத்து கடற்கரைப் பக்கம் இருந்த ஒரு குதிரைச் சவாரி கிளப்பில் கூட்டிப் பெருக்கும் வேலைக்குச் சேர்ந்தாள். முதல் நாளே லாயத்துக்காரர் லீவு. "ஒரு நிமிஷம் இதப் புடிங்க" என்று கடிவாளத்தைக் கையில் கொடுத்துப் போன மேனேஜர் அரைமணி நேரம் திரும்பவில்லை. குதிரையும் அவளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். இரண்டு பேரும் ஓடிப்போகாததே பெரிய தகுதியாகிவிட்டது. மறுநாளிலிருந்து லாயம் அவள் பொறுப்பு. பத்தொன்பது வருஷம் அந்த வேலையில் இருந்தாள்.

அவள் சேர்ந்த ஐந்தாம் வருஷம், பந்தயத்தில் ஓடி ஓய்ந்த செம்பழுப்புக் குதிரை ஒன்று வந்தது. எட்டு வயது. பதினொரு பந்தயம் ஓடி ஒன்றிலும் முதல் மூன்று இடத்துக்குள் வந்ததில்லை. காகிதத்தில் இடியும் மின்னலும் சேர்ந்த இங்கிலீஷ் பெயர். ஆனால் அதன் குணம் வேறு. வேளாவேளைக்குத் தீனி வரவேண்டும். ஐந்து நிமிஷம் தாமதமானால் கதவை உதைக்கும். வேலை சொன்னால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். யாராவது புகழ்ந்தால் மட்டும் கழுத்தை நிமிர்த்தும். ஒரு வாரம் பார்த்துவிட்டுப் பவானேஸ்வரி அதற்கு "மாப்பிள்ளை" என்று பெயர் வைத்தாள். அந்தப் பெயருக்குத்தான் திரும்பிப் பார்த்தது.

மூன்று வருஷத்துக்கு முன் கிளப்பை மூடினார்கள். மற்றக் குதிரைகளை யார் யாரோ வாங்கிப் போனார்கள். இருபத்திரண்டு வயது மாப்பிள்ளையை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. "நீங்களே கொண்டுபோங்க, இல்லாட்டி…" என்று மேனேஜர் இழுத்தார். அவர் அந்த வாக்கியத்தை முடிப்பதற்குள் அவள் கயிற்றை அவிழ்த்துவிட்டாள். தங்கா பத்திலிருந்து புக்கிட் ரம்பாய் வரை சாலையோரமாக நடத்தியே கூட்டி வந்தாள். பின்னால் கண்டெய்னர் லாரிகள் ஹார்ன் அடித்தன. மாப்பிள்ளை தனக்குத்தான் மேளம் வாசிக்கிறார்கள் என்ற நினைப்பில் மெதுவாக நடந்தது.

வீட்டுக்குப் பின்னாலிருந்த செம்பனைத் தோட்டத்தின் ஓரத்தில், தோட்ட முதலாளியான சீனரிடம் அனுமதி வாங்கிக் கொட்டகை போட்டாள். காலையில் தொழிற்சாலை கேன்டீனில் வேலை. வாரக் கடைசியில் கல்யாண ஊர்வலத்துக்குக் குதிரை வாடகை. மாப்பிள்ளைப் பையன் குதிரையில் ஊர்வலம் வருவது அப்போது ஒரு மோஸ்தராகியிருந்தது. உருமி மேளம் காதைப் பிளந்தாலும் குதிரை அசையாது, பாதி செவிடு. கல்யாண வீட்டுக்காரர்கள் அதைப் பயிற்சி என்று நினைத்தார்கள். பவானேஸ்வரியும் இல்லை என்று சொல்லவில்லை.

வினை ஜாசினில் ஒரு கல்யாண மண்டபத்தில் வந்தது. ஊர்வலம் முடிந்து, வாசலில் டத்தோ பட்டம் வாங்கிய பிரமுகர் ஒருவருக்கு ரோஜா மாலை போட்டு வரவேற்றுக்கொண்டிருந்தார்கள். மாப்பிள்ளை கழுத்தை நீட்டி அந்த மாலையைக் கடித்து இழுத்தது. மாலை அறுந்திருந்தால் அத்தோடு போயிருக்கும். நல்ல நாரில் கட்டிய மாலை. டத்தோவும் கூடவே வந்தார். பன்னீர்ச் செம்பு வைத்திருந்த மேசை மேல் அவர் போய் விழுந்ததைப் பதினாறு பேர் ஃபோனில் படம் பிடித்தார்கள்.

டத்தோவுக்கு அடி இல்லை. மண்டப மேனேஜர் திருச்செல்வத்துக்குத்தான் உயிர் போய் வந்தது. மறுநாள் அவளுக்கு ஃபோன் அடித்தார்.

"பவானி, அடுத்த மாசம் யுகேந்திரன் கல்யாணத்துக்கும் ஒன் குதிரதானாம். இன்சூரன்ஸ் பேப்பர் இல்லாம இனிமே கேட்டுக்குள்ள விடமாட்டேன், சொல்லிட்டேன்லா."

"குதிரைக்கு எங்கண்ணே இன்சூரன்ஸ் குடுக்குறாங்க?"

"எனக்கு எப்படித் தெரியும்? நான் என்ன குதிரையா வளக்குறேன்?"

புக்கிட் ரம்பாயில் ஹனிபா பாய் மளிகைக்கடைக்கு மாடியில் அவர் மகன் ஆரிஃப் இன்சூரன்ஸ் ஆபீஸ் வைத்திருந்தான். வீடு, கார், கடை, ஹஜ் பயணம் என்று எல்லாம் பார்ப்பான். பவானேஸ்வரி கேன்டீனிலிருந்தே அவனுக்கு ஃபோன் செய்தாள்.

"தம்பி, மாப்பிள்ளைக்கு இன்சூரன்ஸ் எடுக்கணும்."

"எடுத்துரலாம்க்கா. வயசு?"

"இருபத்தஞ்சு."

"யங்தான், ஈசியா கெடைக்கும். உடம்புல ஏதும் பிரச்சனை?"

"காது கேக்காது. பல்லு நாலு போச்சு. மழ பேஞ்சா பின்னங்கால் இழுக்கும்."

"அக்கா," என்றான் ஆரிஃப் மிகுந்த பரிவோடு, "பொண்ணுக்கு இதெல்லாம் தெரியுமா?"

விஷயம் புரிந்ததும் அவன் பின்வாங்கவில்லை. குதிரை இன்சூரன்ஸ் விற்ற ஏஜென்ட் என்று பெயர் வாங்கும் ஆசை அவனுக்குள் முளைத்திருந்தது. ஒரு வாரம் கோலாலம்பூருக்கு ஃபோன் மேல் ஃபோன் போட்டான். அவளை ஆபீசுக்கு வரச்சொல்லி, கேட்டு வைத்ததைச் சொன்னான். ஒரு கம்பெனி பதினைந்து வயதுக்கு மேல் குதிரையைத் தொடாது. இன்னொன்று இருபதுக்கு மேல் தொடாது. மூன்றாவது கம்பெனி தொடும்.

"வருஷத்துக்கு ஆயிரத்து எண்ணூறு வெள்ளி. குதிர மவுத்தாச்சுன்னா ரெண்டாயிரம் குடுப்பாங்க."

"சாவலன்னா?"

"ஒண்ணும் இல்லக்கா. அடுத்த வருஷம் திரும்பக் கட்டணும்."

"அப்ப சீக்கிரம் சாவட்டும்னு நான் சாமி கும்புடணுமா?"

ஆரிஃப் பாரத்தைப் புரட்டினான். "சரி விடுங்க. குதிரையோட மதிப்பு எவ்வளவுன்னு கேட்டிருக்கான்."

"நான் விக்கமாட்டேன்."

"விக்க வேணாம்லா. சும்மா ஒரு மதிப்பு. எவ்வளவுக்கு வாங்குனீங்க?"

"சும்மாதான் குடுத்தாங்க."

"அப்ப சைபர்னு போட்டுறட்டா?"

"போட்டுப் பாரு, ஒன் கம்ப்யூட்டர மாடியிலேருந்து தூக்கிக் கடாசுறேன்."

அன்று சாயங்காலம் அவள் திருச்செல்வத்திடம் புலம்பினாள். அவர் நெற்றியைச் சுருக்கி யோசித்துவிட்டு, "வயசக் கொறச்சுப் போடேன்" என்றார். அறுபத்திரண்டு வயதில் மீசையைக் கன்னங்கரேலென்று வைத்திருப்பவர் சொல்வதில் அனுபவம் இருக்கும் என்று அவளுக்குத் தோன்றியது.

நான்காவது கம்பெனிக்கு எழுதும்போது, "பதினாலுன்னு போடு தம்பி" என்றாள்.

ஆரிஃப் நிமிர்ந்து பார்த்தான். "போன வாரம் இருபத்தஞ்சு."

"தப்பா எண்ணிட்டேன்."

"பேப்பர்?"

"கிளப் மூடுனப்ப தொலஞ்சுபோச்சு."

"நான் எதயும் கேக்கல, நீங்க எதயும் சொல்லல" என்றபடி தட்டச்சு செய்தான். நெற்றி வியர்த்திருந்தது. காகிதம் இல்லையென்றால் கால்நடை டாக்டர் வந்து பார்த்துச் சான்றிதழ் கொடுக்கவேண்டும் என்று கம்பெனி பதில் போட்டது. டாக்டர் வெள்ளிக்கிழமை வருவார்.

வியாழக்கிழமை பவானேஸ்வரி ஹனிபா பாய் கடையில் தலைச்சாயம் நான்கு பாக்கெட் வாங்கினாள்.

"எத்தன தலைக்கு தாயி?" என்றார் பாய்.

"ஒண்ணுதான். கொஞ்சம் பெரிய தலை."

மாப்பிள்ளையின் நெற்றியிலும் கன்னத்திலும் இருந்த நரையையெல்லாம், சாயம் கண்ணில் பட்டுவிடாமல் பூசி மறைத்தாள். செம்பழுப்புக்குப் பொருந்தும் என்று கடையில் சொன்ன நிறம், காய்ந்ததும் கறுப்பாகிவிட்டது. கொட்டகையில் நின்ற குதிரையைப் பார்த்தால் முகமூடி போட்ட திருடன் போலிருந்தது. அவளுக்கு அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது.

வெள்ளிக்கிழமை காலை கார் வந்து நின்றது. ஆரிஃபும் கூடவே இறங்கினான். மலாக்காவில் குதிரை பார்க்கிற டாக்டர்களை ஒரு கை விரலுக்குள் எண்ணிவிடலாம் என்பதைப் பவானேஸ்வரி யோசித்திருக்க வேண்டும். கதவைத் திறந்து வந்தவள் டாக்டர் தாரணி. பத்து வருஷத்துக்கு முன்னால், படிப்பு முடித்த கையோடு கிளப்புக்கு வந்துபோன அதே தாரணி.

கொட்டகைக்குள் எட்டிப் பார்த்தவள் கத்தினாள்: "டேய் மாப்பிள்ளை! நீ இன்னும் போய்ச் சேரலயாடா?"

ஆரிஃப் செம்பனை மரத்தைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான்.

"இவன் கடிச்ச தழும்பு இன்னும் இருக்கு பாருங்க" என்று கட்டைவிரலைக் காட்டினாள் தாரணி. பிறகு குதிரையின் முகத்தைப் பார்த்தாள். "ஐயையோ. டை அடிச்சிருக்கீங்களாக்கா?"

"கல்யாண சீசன்லா" என்றாள் பவானேஸ்வரி. சொல்லும்போதே குரல் இறங்கிவிட்டது.

தாரணி குதிரையின் உதட்டைத் தூக்கினாள். குதிரையின் மேல்வரிசை ஓரப்பல்லில் பத்து வயதில் ஒரு பள்ளம் விழும். இருபதில் பல் முழுக்க ஓடும். அதற்கப்புறம் மேலிருந்து மறையத் தொடங்கும். மாப்பிள்ளைக்குப் பாதி மறைந்திருந்தது. இதைத் தாரணிக்குக் கிளப்பில் முதன்முதலாகக் காட்டிக் கொடுத்தவளே பவானேஸ்வரிதான். இரண்டு பேரும் அந்தப் பல்லையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"பதினாலுன்னு நான் கையெழுத்துப் போட்டா என் லைசென்ஸ் போயிரும்க்கா."

"வேணாம் டாக்டர். நான்தான் புத்தி கெட்டுப் போய்ப் பண்ணிட்டேன். இந்தத் தம்பி மேல தப்பு இல்ல."

பவானேஸ்வரிக்குத் தலை நிமிரவில்லை. பத்தொன்பது வருஷம் குதிரை வளர்த்தவள், பல்லைத் திறந்தால் தெரிந்துபோகிற பொய்யைச் சொல்லியிருக்கிறாள். தாரணி திட்டவில்லை. தீவன வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தாள்.

"ஒண்ணு கேக்குறேன். நாளைக்கு இவனுக்குக் குடல் முறுக்கிக்கிச்சுன்னா, சிலாங்கூருக்குக் கொண்டுபோயி வயித்தக் கிழிச்சு ஆபரேஷன் பண்ணுவீங்களா?"

"இந்த வயசுலயா? பாவம். விட மாட்டேன்."

"இவன் செத்தா, கம்பெனி குடுக்குற காசுல வேற குதிர வாங்குவீங்களா?"

"எனக்கு எதுக்கு வேற குதிர?"

"அப்ப எதுக்கு இவன் உயிருக்கு இன்சூரன்ஸ்? மண்டபத்துல என்ன கேட்டாங்க? இவன் யாரையாவது மிதிச்சுட்டா, தள்ளிட்டா அதுக்குப் பொறுப்பு யாருன்னுதான கேட்டாங்க? அதுக்கு மட்டும் எடுங்க. அடுத்தவங்களுக்கு வர்ற சேதத்துக்கு. அதுக்கு உங்க பதினாலும் வேணாம், டையும் வேணாம்."

பவானேஸ்வரி ஆரிஃப் பக்கம் திரும்பினாள். "இத நீ மொதல்லயே சொல்லியிருக்கலாம்ல?"

"நீங்க மாப்பிள்ளைக்குன்னுதான கேட்டீங்க, டத்தோவுக்குன்னா கேட்டீங்க?"

தாரணி இன்னொன்றும் சொன்னாள். குதிரையின் முதுகெலும்பைத் தடவிப் பார்த்துவிட்டு, இனிமேல் இதன்மேல் ஆள் ஏறக்கூடாது என்றாள். ஒரு அரைமணி நேரம்கூடவா என்று பவானேஸ்வரி கேட்கவில்லை. ஆறு மாதமாகச் சேணம் போடும்போதெல்லாம் அந்த முதுகு சிலிர்த்து விலகுவதை அவள் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். பார்த்தும் போட்டாள். அதை நினைத்தபோது டை அடித்ததைவிட வெட்கமாக இருந்தது.

ஆரிஃப் அன்றே கம்பெனிக்குப் பேசினான். ஆள் ஏறாது, கையில் பிடித்து நடத்தி மட்டும் வருவது என்றால் வருஷத்துக்கு இருநூற்று நாற்பது வெள்ளிதான். இரண்டு பக்கமும் ஆள் பிடிக்கவேண்டும். அவள் உடனே சரி என்றாள்.

இன்சூரன்ஸ் கிடைத்துவிட்டது. ஆனால் கல்யாணத்துக்கு இரண்டு வாரமே இருந்தது. மாப்பிள்ளைப் பையன் குதிரைமேல் வரமுடியாது என்பதை அவர்கள் வீட்டில் சொல்லியாக வேண்டும். சனிக்கிழமை போய்ச் சொன்னாள். யுகேந்திரனின் அம்மா குஞ்சம்மா எடுத்த எடுப்பில் பத்திரிகையை நீட்டினார். அதில் தங்க எழுத்துக்கு மேலே ஒருவன் குதிரையில் வாளோடு பாய்ந்துகொண்டிருந்தான்.

"ஐந்நூறு கார்டு அடிச்சாச்சு. இப்ப வந்து நடந்து வரணும்னா? என் மகன் என்ன ஆடு மேய்க்கவா போறான்?"

"அக்கா, அதுக்கு முதுகு வலி. ஒங்க மகன் எடையும் சின்ன எடை இல்ல. ரெண்டுல எது விழுந்தாலும் கம்பெனி ஒரு காசு குடுக்காது."

"என் புள்ளைய எடை போட வந்தியா?"

பேச்சு தடித்தது. யுகேந்திரன் நாற்காலி நுனியில் உட்கார்ந்து பத்திரிகையிலிருந்த குதிரையையே பார்த்துக்கொண்டிருந்தான். தொண்ணூற்று நான்கு கிலோ, அரசாங்கக் கிளினிக்கில் வேலை, சாதுவான முகம். பவானேஸ்வரி முன்பணத்தை மேசைமேல் வைத்துவிட்டு வெளியே வந்து ஹெல்மெட்டை மாட்டும்போது, அவன் செருப்புகூடப் போடாமல் ஓடி வந்தான்.

"அக்கா, நான் கும்புட்ட சாமிதான் உங்கள அனுப்பியிருக்கு. எனக்குக் குதிரன்னாலே நடுக்கம். ரெண்டு மாசமா தூக்கமில்ல. அம்மாகிட்ட சொல்ல முடியல. காச எடுத்துக்குங்க. நான் நடந்தே வர்றேன்."

"கூட நடக்குறதுக்குப் பயம் இல்லயா?"

"வாய் எந்தப் பக்கம்னு சொல்லுங்க, நான் அதுக்கு எதிர்ப் பக்கமா நடக்குறேன்."

அவன் உள்ளே போய் அம்மாவிடம் என்ன சொன்னானோ தெரியாது. சாயங்காலம் குஞ்சம்மாவே ஃபோன் பண்ணி, குதிரைக்குப் பட்டு என்ன நிறத்தில் வேண்டும் என்று கேட்டார்.

கல்யாணத்தன்று திருச்செல்வம் கேட்டை மறித்து நின்று, ஆறு பக்க இங்கிலீஷ் போலிசியை முதலிலிருந்து கடைசிவரை வாசித்தார். ஊர்வலம் வெயிலில் காத்திருந்தது. மேளக்காரர்கள் ஒரு பாட்டை முடித்து அடுத்ததையும் முடித்தார்கள். கடைசியில் கேட் திறந்தது. சேணமில்லாத முதுகில் பச்சைப் பட்டும், ஒரு பக்கம் பவானேஸ்வரியும், மறுபக்கம் கயிற்றைப் பட்டும் படாமலும் பிடித்த யுகேந்திரனுமாக உள்ளே போனார்கள். மேடைக்குப் பக்கத்தில் வந்து குதிரையை விட்டுப் பிரிந்ததும் அவனுக்கு அப்படி ஒரு சந்தோஷம் வந்தது. மேளத்துக்கு ஆடத் தொடங்கிவிட்டான். தாலி கட்டுகிற நேரம் தாண்டிவிடும் என்று ஐயர் வந்து கையைப் பிடித்து இழுக்கவேண்டியிருந்தது. கல்யாணப் பெண் கழுத்து மாலையைப் பிடித்துக்கொண்டு விழுந்து விழுந்து சிரித்தாள்.

அந்த வருஷம் இன்னும் ஏழு கல்யாணம் கிடைத்தது. ஏறிப் போகத்தான் வேண்டும் என்றவர்களை அவள் வேறு ஆளிடம் அனுப்பினாள். கம்பெனியிடம் கேட்கும்படி எதுவும் நடக்கவில்லை. ஆரிஃபின் ஆபீசுக்கு மட்டும், சண்டைச் சேவலுக்கும் கிளிக்கும் இன்சூரன்ஸ் உண்டா என்று ஃபோன் வந்துகொண்டே இருந்தது. அவன் ஒவ்வொருவரிடமும் வயதைக் கேட்டான்.

தாரணி ஆறு மாதத்துக்கு ஒருமுறை வந்து, கூராகிப்போன பற்களை அரம் போட்டு ராவிக் கொடுத்தாள். போன முறை அவள் போனதும், ஊறவைத்த தீனியை வாளியில் போட்டுவிட்டுப் பவானேஸ்வரி பக்கத்திலேயே நின்றாள். வாயிலிருந்து பாதியை உதிர்க்காமல் மாப்பிள்ளை நிதானமாக மென்று விழுங்கியது. அதைக் கேட்டுக்கொண்டு நின்றதில் அன்று கேன்டீனுக்கு முக்கால் மணி நேரம் லேட். ஏன் லேட் என்று சூப்பர்வைசர் கேட்டதற்கு, வீட்டில் பெரியவருக்குப் பல் டாக்டர் வந்திருந்தார் என்றாள்.